கராஜ் ஸ்டேஷன் மாஸ்டர்

சிட்னியின் மேற்குப் பக்கம், வென்ட்வொர்த்வில் தொடங்கி டூங்காபி வரை தமிழர்கள் நெருங்கி வாழும் தெருக்களில், ஒரு வீட்டுக் கார் மழையிலும் வெயிலிலும் வாசலிலேயே நிற்கிறதென்றால் காரணம் இரண்டில் ஒன்று. கராஜை வாடகைக்கு விட்டிருப்பார்கள். அல்லது கராஜுக்குள் ரயில் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த இரண்டாம் வகை வீட்டுக்காரரை அடையாளம் காண்பது சுலபம். ஐம்பதைத் தாண்டியவர். வாரத்தில் ஐந்து நாள் ஏதோ ஓர் அலுவலகத்தில் கணினி முன்னால் சாதுவாக உட்கார்ந்திருப்பார். சட்டைக் கையில் பசை காய்ந்திருக்கும். கேட்டால், "பையனுக்காக ஆரம்பிச்சது" என்று மழுப்புவார். பையன் கல்யாணமாகி பிரிஸ்பேனில் இருக்கிறான். ஊருக்கு வந்த இடத்தில் அவன் ரயிலைத் தொட்டால் அப்பாவுக்கு ரத்த அழுத்தம் ஏறும்.

அவருடைய உலகம் ஹெச்.ஓ. அளவில் ஆனது. நிஜத்தில் 87 அடி இருப்பது அங்கே ஓர் அடி. 1435 மி.மீ. அகலத் தண்டவாளம் அங்கே 16.5 மி.மீ. உள்ளங்கையில் அடங்கிவிடும் என்று பார்த்தால், விலை மட்டும் அடங்காது. நியூ சவுத் வேல்ஸில் ஓடிய டீசல் எஞ்சின் ஒன்றின் நல்ல மாடல் முந்நூறு டாலருக்கு மேல் போகும். சத்தம் போடும் எஞ்சின் என்றால் இன்னும் கூட. அதை வாங்கிவந்து, பெட்டியைப் பிரித்து, இரண்டு நாள் அழகு பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் அதற்கு அழுக்குப் பூச ஆரம்பிப்பார். கறுப்புச் சாக்கட்டியைத் தூளாக்கிப் புகைக்கரி, பழுப்புப் பொடியில் துரு, கறுப்புப் பெயின்டில் எண்ணெய் வழிசல்.

"முந்நூறு டாலர் குடுத்து வாங்கினதுக்கு ஏங்க துரு பூசறீங்க?"

"சர்வீஸ்ல ஓடற எஞ்சின் பளபளன்னா இருக்கும்?"

"அழுக்கு எஞ்சின்தான் வேணும்னா வாசல்ல கார் நிக்குதே!"

அந்த அம்மாளின் கோபத்துக்குக் காரணம் உண்டு. டீ வடிகட்டி காணாமல் போனால் கராஜில் மண் சலித்துக்கொண்டிருக்கும். டீ போட்டு முடித்த தூள் குப்பைக்குப் போகாது. காய்ந்து, யூகலிப்டஸ் மரத்தடிச் சருகாகிவிடும். தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி பரப்புவது தனி வைபவம். பொடிக்கற்களைத் தூவி, தூரிகையால் ஒதுக்கி, பசையில் சரிபாதி தண்ணீர் கலந்து, பரவுவதற்காக ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, ஊசிக்குழலால் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். வீட்டில் ஒரு தட்டைக் கழுவியறியாத மனிதர், அந்தத் திரவத்தின் எந்த பிராண்ட் உசத்தி என்று அரை மணி நேரம் பேசுவார்.

இந்தப் பிடிவாதத்துக்கு ஆஸ்திரேலியாவைப்போல் தோதான நாடு வேறில்லை. 1850-களின் தொடக்கத்தில் ஷீல்ட்ஸ் என்ற அயர்லாந்துப் பொறியாளரின் பேச்சைக் கேட்டு நியூ சவுத் வேல்ஸ் 1600 மி.மீ. அகலப் பாதைக்குத் தலையாட்டியது. விக்டோரியாவும் சரியென்று அதே அகலத்துக்கு வண்டிகளை ஆர்டர் செய்தது. அதற்குள் சம்பளத் தகராறில் ஷீல்ட்ஸ் போய்விட்டார். அடுத்து வந்த ஸ்காட்லாந்துக்காரர் வாலஸ், 1435-தான் சரி என்றார். சிட்னி மாறிக்கொண்டது, மெல்பர்ன் மாட்டேன் என்றுவிட்டது. 1883-ல் இரண்டு பாதைகளும் எல்லையோர ஆல்பரியில் சந்தித்தன. வண்டிகள்தான் தாண்ட முடியவில்லை. மெல்பர்னுக்கு 1435 மி.மீ. பாதை வந்த 1962 வரை பயணிகள் அங்கே மூட்டை முடிச்சோடு இறங்கி ஏறினார்கள். 1895-ல் அப்படித் தூக்கம் கலைந்து வண்டி மாறியவர்களில் மார்க் ட்வெயினும் ஒருவர். தம் பயண நூலில் அதை வைத்து வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார்.

நிஜ ரயில்வே செய்த இந்தத் தப்பை ஒரு தப்பும் இல்லாமல் செய்துகாட்டுவதுதான் நம்மவரின் லட்சியம். கணக்குப்படி மெல்பர்ன் ரயிலுக்கு 18.4 மி.மீ. தண்டவாளம் போட வேண்டும். பெரும்பாலோர் கடையில் கிடைக்கும் 16.5-லேயே ஓட்டிவிடுகிறார்கள். இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத இந்த வித்தியாசத்தில் பழைய சிநேகிதர்கள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொள்வதுண்டு. எஞ்சின் பக்கவாட்டில் ரிவெட் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். கிளப்பில் அவர்களைக் கண்டால் மற்றவர்கள் தங்கள் எஞ்சினைத் துணி போட்டு மூடுவார்கள்.

நிறச் சண்டை இன்னொரு பக்கம். நியூ சவுத் வேல்ஸ் எஞ்சின்கள் பல வருஷம் 'இந்தியன் ரெட்' என்ற செம்பழுப்பில் ஓடின. வெயிலில் வெளுத்தும் புகையில் கறுத்தும் ஒன்றைப்போல் ஒன்று இருந்ததில்லை. ஆகையால் எது அசல் என்று சாகும்வரை வாதாடலாம். 1963-லிருந்து வரும் 'ஆஸ்திரேலியன் மாடல் ரயில்வே மேகசின்' பழைய இதழ்களை விரித்துவைத்துச் சாட்சி சொல்வார்கள். தீராத கட்டத்தில் எல்லோரும் நம்மவர் பக்கம் திரும்புவார்கள். இந்தியர் அல்லவா, அவருக்குத் தெரியாமலா இருக்கும்!

மெல்பர்னில் இவருக்கு ஒரு யாழ்ப்பாணத்துக் கூட்டாளி உண்டு. அவர் வாங்குவது விக்டோரியாவின் டி வகுப்பு டீசல் எஞ்சின். அமெரிக்க ஜி8 வடிவத்தில் வந்தது அது. கொழும்புத் திட்டத்தில் கனடா இலங்கைக்குக் கொடுத்த எம்2 எஞ்சின் ஜி12. பார்வைக்கு அண்ணன் தம்பி. அதற்கு 'ஒன்ராறியோ' என்று பெயர் எழுதி, பின்னால் பெட்டிகளைக் கோத்து, 1956-ல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி ஆக்கிவிடுவார். நிஜ யாழ்தேவி 1990-ல் நின்று 2014-ல்தான் திரும்ப யாழ்ப்பாணம் போனது. இவருடையது ஒருநாளும் நின்றதில்லை, வோஷிங் மெஷின் ஓடும் நேரம் தவிர. மெஷின் நிற்கிற இடம் அனுராதபுரம்.

"இஞ்சாருங்கோ, உங்கட ரெயினை ஒருக்கா மறியுங்கோ. நான் அனுராதபுரத்தில உடுப்புத் தோய்க்கிறன்."

நம் டூங்காபிக்காரர் கட்டுவதோ கும்பகோணம் ஸ்டேஷன், 1965. அன்றைக்கு அது மீட்டர் கேஜ். கணக்குக்கு 11.5 மி.மீ. வரும், கிடைப்பது சுவிஸ் மலை ரயில்களுக்கென்று வரும் 12 மி.மீ. தண்டவாளம். ஒய்.பி. நீராவி எஞ்சினைப் பித்தளைத் தகட்டில் தானே வெட்டி ஒட்டுகிறார். பெரிய சோதனை பெயர்ப்பலகை. தமிழ், ஹிந்தி, ஆங்கிலம் மூன்றும் நாலு சென்டிமீட்டரில் வர வேண்டும். ஹிந்திப் பிரசார சபையால் முடியாததை அந்தப் பலகை சாதித்தது: எழுத்துக் கூட்டிப் படித்து, மயிரிழைத் தூரிகையால் மேல்கோடு இழுத்து, கண் பூத்துப்போய் எழுதி முடித்தார். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, 1965. ஹிந்தி எதிர்ப்புப் போராட்டம். கறுப்புப் பெயின்டை எடுத்துத் தாரென்று நினைத்து ஒரே இழுப்பாக அழித்தார்.

யாராவது சிரித்தால் கைவசம் ராட் ஸ்டூவர்ட் இருக்கிறார். அந்தப் பாப் பாடகர் 23 வருஷம் உழைத்து 1:87 அளவில் ஓர் அமெரிக்க நகரத்தையே கட்டியதை 2019-ல் உலகத்துக்குக் காட்டினார்.

"அவர் பாடிச் சம்பாதிச்சார். நீங்களும் பாடுங்க" என்பது வீட்டுத் தீர்ப்பு.

அக்டோபர் வந்தால் தர்மசங்கடம். நீண்ட வார இறுதியில் மாடல் ரயில் கண்காட்சி, ஒட்டினாற்போல் நவராத்திரி. கொலுப் பூங்காவைச் சுற்ற ரயில் வேண்டும் என்று உத்தரவு வருகிறது. செட்டியார் பொம்மை ஒரு சாண் உயரம் என்றால் இந்த எஞ்சினுக்கு அவர் ஆறு மாடிக் கட்டடம் என்று அளந்து காட்டியும் மனு தள்ளுபடி. மூன்று வார இறுதிகளாகத் துருவேற்றிய எஞ்சின், செட்டியாரையும் தஞ்சாவூர்த் தலையாட்டியையும் வலம்வரத் தொடங்குகிறது.

நம்மவர் உள்ளே சுண்டல் எடுத்துவரப் போன நேரம், பக்கத்துத் தெரு மாமி எஞ்சினைக் கையில் எடுத்தார். "ஐயோ, எவ்வளவு தூசி!" ஈரத்துணியால் பளிச்சென்று துடைத்து, திரும்பத் தண்டவாளத்தில் வைத்தார். "இப்பப் பாருங்கோ, புதுசு மாதிரி ஆயிடுத்து!"