சுழி பார்த்து வாங்கின குதிரை

ஏன் கண்ணு, குதிரையைக் கயித்துல புடிச்சுக்கிட்டு நீயும் கூடவே நடந்து வர்றே? ஆடியில அந்தியூர் குருநாதசாமி சந்தையில வாங்கினப்ப, கூலிங் கிளாஸும் நீயுமா அது மேல உக்காந்திருந்த வீடியோவை எம்பேரன் காட்டினான். அப்ப நீ மேல, அது கீழ. இப்ப ரெண்டு பேரும் ஒட்டுக்கா நடந்து வர்றீங்க. சமத்துவம் வந்துருச்சு, நெம்ப சந்தோசம்.

உக்காரு. கரித்தூசி வெள்ளைச் சட்டையில ஒட்டும், பார்த்துக்க. வாங்கறப்ப என்னத்தையெல்லாம் பார்த்தே? நெத்திச் சுழி பார்த்திருப்பே. கழுத்துல, நெஞ்சுல எங்கெங்க சுழி இருக்குதுன்னு தரகன் வெரல் வெச்சுக் காட்டக் காட்டத் தலையாட்டியிருப்பே. மார்வாரி ஜாதி, காது ரெண்டும் உள்ள வளைஞ்சு நுனியும் நுனியும் முட்டுதுன்னு அதுக்குத் தனியா ஒரு போட்டோ எடுத்திருப்பே. பல்லைக்கூட விரிச்சுப் பார்த்திருப்பே. குளம்பைத் தூக்கிப் பார்த்தியா? பார்த்திருக்க மாட்டே. அதுக்குக் குனியணும். குனிஞ்சா மொகம் வீடியோவுல விழாது.

அந்தச் சந்தை திப்பு சுல்தான் காலத்துல இருந்து நடக்குதுன்னு பேச்சு. குளம்புக்கு எண்ணெய் பூசி விக்கற வித்தையும் அப்ப இருந்தே இருக்கும்னு நான் நெனைக்கறேன். இந்தா, இந்தச் சாக்குத் துணியால முன்னங்கால் குளம்பை நல்லாத் தேய். தெரியுதா, வரி வரியா? வரி இருக்கறது குத்தமில்லை. மழைக்குப் புல்லு மாறினாக்கூட வரி விழும். ஆனா அது முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே அகலத்துல ஓடணும். இதுல முனைப் பக்கம் நெருக்கியடிச்சுக் கெடக்குது, குதிங்கால் பக்கம் போகப் போக விரியுது. அப்படின்னா இப்ப இதை நொண்ட வெக்கற இந்தக் குளம்பு நோவு இதுக்கு முந்தியே ஒருக்கா வந்து போயிருக்குது. விக்கறவன் சொல்லலை. குளம்பு எழுதி வெச்சிருக்குது. படிக்கறதுக்குத்தான் ஆளில்லை.

சரி, இப்ப என்ன வேணுங்கறே? ஹார்ட் பார் லாடமா? செல்லுல பார்த்தியாக்கும். இருதயம் போட்ட லாடம்! காதலர் தினத்துக்கு இன்னும் நாளிருக்குதே, இப்பவே என்ன அவசரம்? அடிக்கத் தெரியாமச் சொல்லலை. பேரைச் சொல்லி வாங்கிக்கிட்டுப் போறதுக்கு இது மருந்துக்கடை இல்லை.

குளம்புக்குள்ள ஒரு எலும்பு இருக்குது, அதுவும் குளம்போட வடிவத்துலயே. அந்த எலும்பும் வெளிச்சுவரும் நகமும் சதையுமாப் பின்னிக் கெடக்குது. 400 கிலோ குதிரை, அதுக்கு மேல நீ, உன் கூலிங் கிளாஸ், எல்லாம் அந்தப் பின்னல்லதான் தொங்குது. அது வீங்கி உட்டுக் குடுத்துச்சுன்னா எலும்போட முனை கீழ சாயும். நெம்பச் சாஞ்சா உள்ளங்காலைப் பொத்துக்கிட்டே வெளிய வந்துரும்.

எதனால வந்துச்சு? கண்ணு பட்டுருச்சுன்னு கழுத்துல எலுமிச்சம்பழம் கட்டியிருக்கே. அதைப் புழிஞ்சு நீ குடி, வெயிலுக்கு நல்லது. தீனியைச் சொல்லு. காலையில கொள்ளு. மத்தியானம் மக்காச்சோளம். சாயங்காலம் வெல்லம். கல்யாண ஊர்வலத்துக்குப் போனா அங்க மிஞ்சின சோறு. இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு பெரியவங்க சொன்னாங்க. கொள்ளைக் குடுத்தே கொழுக்க வெச்ச கெட்டிக்காரனை இப்பத்தான் பார்க்கறேன். மாவுத்தீனி அளவுக்கு மிஞ்சினா, செரிக்காத மிச்சம் பெருங்குடல்ல போய்ப் புளிச்சுப் பொங்கும். அந்த வெசம் ரத்தத்துல ஏறிக் கடைசியில குளம்புல வந்து உக்காரும். குண்டுக் குதிரைக்கு இன்சுலின் கோளாறுனாலயும் வரும்ங்கறான், மாட்டு டாக்டருக்குப் படிக்கற எம்பேரன். ஆகமொத்தம் தின்னது வாய், அழுவறது கால்.

உன் குதிரைக்கு மட்டும்தான் இப்படின்னு வெசனப்படாதே. அமெரிக்காவுல செக்ரடேரியட்னு ஒரு குதிரை. 1973ல பெல்மாண்ட் பந்தயத்துல, ரெண்டாவது வந்த குதிரையை 31 குதிரை நீளம் பின்னால உட்டுட்டு ஓடினது. அதையே 1989ல இந்த நோவு புடிச்சு, இனி ஆகாதுன்னு ஊசி போட்டு அனுப்பி வெச்சாங்க. பார்பாரோன்னு இன்னொன்னு. 2006ல பந்தயத்துல வலது பின்னங்கால் ஒடிஞ்சுது. தகடு வெச்சு, திருகாணி போட்டுத் தூக்கி நிறுத்திட்டாங்க. ஆனா பாரமெல்லாம் நல்ல கால் மேல உழுந்து, அந்த இடது காலுக்கு இந்த நோவு வந்துருச்சு. 2007 ஜனவரியில அதோட கதையும் முடிஞ்சுது. கோடி கோடியாக் கொட்டற ஊர்லயே இந்தக் கதி. உனக்கு ஒரு லாடத்துல தீரணுமாக்கும்.

கேட்டுட்டே, அதனால எப்படி அடிக்கறதுன்னாவது தெரிஞ்சுக்க. முக்கால் இன்ச் அகலம், ரெண்டரை நூல் கனத்துல மெதுவான இரும்புப் பட்டை. லாரிப் பட்டையை வெட்டிக் கொண்டாரட்டுமான்னு கேக்க வாயெடுக்கறே, தெரியும். வேண்டாம். அது விறைச்சுக்கும். லாடம்னா, ஆறின பொறகும் பட்டடையில வெச்சு ரெண்டு தட்டுத் தட்டினா வளைஞ்சு குடுக்கணும். குளம்பு அளவுக்கு வெட்டி, செவக்கக் காய்ச்சி, பட்டடை மூக்குல வெச்சு வளைக்கறது சின்ன வேலை. சோலி அதுக்கப்பறம்தான். குளம்பைத் திருப்பிப் பாரு, நடுவால அமுக்கினா அமுங்கற முக்கோணம் ஒன்னு இருக்குதுல்ல? அதுக்கு நேரா ஒரு இரும்பு நாக்கு வெட்டி, லாடத்தோட ரெண்டு குதிங்கால் முனைக்கும் நடுவால சேர்த்துப் பத்தவைக்கணும். வெல்டிங் ராடு வெச்சு ஒட்டறது இந்தக் காலத்து வேலை, தப்பில்லை. உலையிலயே ஒட்டறதுன்னா வெங்காரம் தூவணும். செவப்பு போய் மஞ்சளாகும், மஞ்சளும் போய் வெளுக்க ஆரம்பிக்கும், ஒன்னு ரெண்டு பொறி தெறிக்கும். அந்தப் பொறிதான் கணக்கு. சித்தெ முந்தினா ஒட்டாது. சித்தெ பிந்தினா இரும்பே எரிஞ்சு உதுந்துரும். அந்த நேரம் பார்த்துச் செல்லு அடிக்குதுன்னு திரும்பினீன்னா லாடமும் போச்சு, கரியும் போச்சு.

ஒட்டியாச்சுன்னு மாட்டிட முடியுமா? அந்த நாக்கு, முக்கோணத்தோட நுனி வரைக்கும் போகக் கூடாது. ஒரு சென்டிமீட்டர் முந்தியே நின்னுரணும். எலும்பு சாயறப்பக் கீழ இருந்து கை குடுக்கறதுதான் அதோட வேலை. கை குடுக்கறதுக்குப் பதிலா அழுத்த ஆரம்பிச்சா, அங்க ஓடற ரத்தம் நிக்கும், ஏற்கெனவே நொந்த கால் அழுகும். தாங்கறதுக்கும் கெடுக்கறதுக்கும் நடுவால அரை நூல்கூட இல்லை. எலும்பு எவ்வளவு சாஞ்சிருக்குதுன்னு பார்க்காம எவனாவது இதை மாட்டி உட வந்தா, கூலி குடுக்காதே. பஸ்ஸுக்குக் காசு குடுத்து ஊருக்குத் தாட்டி உடு.

ஆணிக்கு வர்றேன். சினிமாவுல போலீஸ்காரர் லாடம் கட்டிருவேன்னு மிரட்டறாரே, அவருக்குத் தொழில் தெரியாது. ஒழுங்கா அடிச்ச லாடம் வலிக்கவே வலிக்காது, ஆணி போறது உசுரில்லாத நகத்துல. காளைக்குக் குளம்பு பொளந்திருக்கும், காலுக்கு ரெண்டுன்னு எட்டு லாடம், கீழ சாய்ச்சுக் கயித்துல கட்டிப் போட்டு அடிச்சுருவோம். குதிரை நின்னுக்கிட்டேதான் இருக்கும். காலைத் தூக்கி நம்ம தொடை மேல வெச்சு அடிக்கணும், அதுக்கு நம்ம மேல நம்பிக்கை இருக்கற வரைக்கும். லாட ஆணிக்கு முனையில ஒரு பக்கம் சாய்வு உண்டு. அடிக்க அடிக்க அது ஆணியை வெளிப்பக்கமாத் திருப்பி, முக்கால் இன்ச் மேல எட்டிப் பார்க்க வெக்கும். முறிச்சு மடக்கிடணும். கண்ணைவிடக் காதுதான் முக்கியம். கெட்டி நகத்துல போறப்ப டங்கு டங்குன்னு கேக்கும். சத்தம் மந்தமாச்சா, ஆணி சதைப் பக்கம் போகுது, புடுங்கிரு. குளம்புல அகலமான எடம் தாண்டிக் குதிங்கால் பக்கம் ஆணியே கூடாது. ஒவ்வொரு மிதிக்கும் குதிங்கால் விரிஞ்சு சுருங்கணும், ஆணி அதைக் கட்டிப் போட்டுரும். உன் குதிரைக்கு இருக்கற நோவுக்குச் சுத்தியல் சத்தமே ஆகாது. அதுக்குன்னு பசை வெச்சு ஒட்டற லாடம் வந்திருக்குது, மரக்கட்டையில செதுக்கித் திருகாணி போடறதும் உண்டு. எங்களுக்குப் பெருமை பேச ஆணி வேணும். குதிரைக்கு வேண்டியதில்லை.

வேற லாடம் இல்லையான்னா இருக்குது. குதிங்கால் எலும்பு நோவுக்கு, பின்பக்கம் மூடின முட்டை வடிவு லாடம். அது பின்னால நீட்டிக்கிட்டு இருக்கறதனால, பின்னங்கால் வந்து மிதிச்சுக் கழட்டி உட்டுரும், அந்தத் தொல்லையையும் சேர்த்து வாங்கிக்கணும். குளம்பு வெடிச்சிருந்தா, வெடிப்புக்கு நேரா அடியில சித்தெ சீவிப் பாரம் படாமப் பண்ணி, மூடின லாடம் மாட்டுவோம். வெடிப்பு ஒட்டிருமான்னு எல்லாரும் கேக்கறாங்க. ஒட்டாது. மேல ரோமம் முடியற எடத்துல இருந்து புது நகம் எறங்கி வந்து பழசைக் கீழ தள்ளணும். மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வந்தாலே பெருசு. முனைப் பக்கம்னா ஒரு வருசம் ஓடிரும். லாடம் அதுவரைக்கும் காவல், அவ்வளவுதான். நகத்தை வளர்க்கறது குதிரை, பேர் வாங்கறது லாடக்காரன்.

உன் சேக்காளி ஒருத்தன் வந்தான். எட்டு வயசுக் குதிரை, முன்னங்கால் ரெண்டும் வெளிப்பக்கம் பார்க்குது, ஒரு பக்கம் ஒசத்தி லாடம் போட்டு நேராக்கிக் குடுங்கங்கறான். குட்டியில செய்யலாம். கணுக்கிட்ட எலும்பு வளர்ற வேகம் மொத ரெண்டு மூணு மாசத்துல அடங்கிரும், முட்டிக்கிட்ட இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். அந்த வயசுல குளம்போட ஒரு ஓரத்துல இறக்கை வெச்சு நிமித்துவாங்க. அஞ்சுல வளையாதது அம்பதுல வளையாதுங்கறது மனுசனுக்கு. குதிரைக்கு அவ்வளவு தவணையெல்லாம் கெடையாது. எட்டு வயசுல வம்பா நிமித்தினா குளம்பு நேராத் தெரியும், மூட்டு கெட்டுரும். அவன் காலும் வளைஞ்சுதான் இருந்துச்சு. ரெண்டையும் ஒரே உலையில நிமித்திரட்டுமான்னு கேட்டேன், கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்.

இந்தப் பட்டறையில காசு எதுல வருதுன்னு நெனைக்கறே? லாடத்துலயா? தேஞ்சு போன லாடத்துல. கறுப்புக் குதிரை லாடத்துல மோதிரம் பண்ணிப் போட்டா சனி அண்டாதாம். குதிரை கறுப்புத்தானான்னு கேக்கறாங்க, நான் தலையாட்டறேன். கரிப் பட்டறையில எது வெள்ளையா இருக்குது? ஆனா குடுக்கறதுக்கு முந்தி ஒருக்காத் திருப்பிப் பார்த்துருவேன். முனை மட்டும் தேஞ்சிருந்தா, குதிங்காலை ஊனப் பயப்படுது. குதிங்கால் மட்டும் தேஞ்சிருந்தா, முனை நோகுது. ஒரு ஓரம் மட்டும்னா, சீவினவன் கோணலாச் சீவியிருக்கான், இல்லைன்னா காலே கோணல். குதிரையோட ஜாதகம் அதுலதான் இருக்குது. உன் குதிரையோட பழைய லாடம் எங்க? வாசப்படிக்கு மேலயா? நெனைச்சேன். அதைக் கழட்டி எடுத்துக்கிட்டு வா.

இன்னைக்கு லாடம் கெடையாது. குளம்பைத் தொட்டுப் பாரு, சுடுது. கணுவுக்குப் பின்னாடி வெரலை வை, நாடி துள்ளுதா? முன்னங்கால் ரெண்டையும் முன்னால நீட்டிப் பாரத்தைப் பின்னால தள்ளி நிக்குதே, அது திமிருன்னு நெனைச்சுச் சாட்டையை எடுத்தியா? எடுத்திருப்பே. மொதல்ல ஐஸ் வாங்கிட்டு வந்து, வாளியில போட்டு, அந்தக் கால் ரெண்டையும் அதுல நிக்க வை. உன்னை நடத்திக் கூட்டியாரச் சொன்னதே யாரு? டெம்போ சொல்லு. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போ. பக்கவாட்டுல எக்ஸ்ரே எடுத்து, எலும்பு எவ்வளவு சாஞ்சிருக்குதுன்னு டாக்டர் கையால கோடு போட்டு வாங்கிக்கிட்டு வா. அதைச் சுவத்துல மாட்டி வெச்சுக்கிட்டுத்தான் உலையை மூட்டுவேன்.

தொழுவத்துல அரையடிக்கு மணல் கொட்டி வை. காஞ்ச புல்லைத் தண்ணியில ஊற வெச்சு, தண்ணியை அக்கட்டால கொட்டிட்டுப் புல்லை மட்டும் போடு, சக்கரை கரைஞ்சு போயிரும். லாடம் போட்டதுக்கப்பறம் ஆறு வாரத்துக்கு ஒருக்கா என்கிட்ட வரணும், ஒரு வருசத்துக்கு. ஊர்வலம் கெடையாது, ரீல்ஸ் கெடையாது. மாப்பிள்ளை கார்லயே வரட்டும்.

கூலியா? அதெல்லாம் அடிச்ச பொறகு பேசிக்கலாம், வெறும் பேச்சுக்கு நான் காசு வாங்கறதில்லை. ஆனா வீட்டுல மிச்சமிருக்கற கொள்ளு மூட்டையை நாளைக்கே கொண்டாந்து இங்க எறக்கிரு. எங்கூட்டுக்காரி கொள்ளுப் பருப்பு கடைஞ்சு நாளாச்சு.