பிளைவுட் துப்பாக்கி

விஸ்கான்சின்,
நவம்பர் முதல் வாரம்.

அன்புள்ள மாமா,

நலம். அங்கே அத்தை, பிள்ளைகள், மரக்கடை எல்லாம் நலம்தானே? இங்கே பனி இன்னும் கொட்டவில்லை, மிரட்டிக்கொண்டு மட்டும் இருக்கிறது.

இந்த மாதம் மான் வேட்டை. தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள். ஒருவரை ஒருவர் மான் என்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாதென்று, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் மேலுடை போடச் சட்டம் இருக்கிறது. 2016 முதல் ரோஸ் கலரும் செல்லும். பெட்ரோல் பங்கில் நின்றால் பழனிப் பாதயாத்திரைக் கூட்டத்துக்குள் சிக்கிக்கொண்ட மாதிரி இருக்கும்.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு இந்த வருஷம் ஒரு சங்கடம். அவரிடம் இருப்பது மார்லின் 336 துப்பாக்கி. 1948-ல் வந்த மாடல், இவருடையது எழுபதுகளில் வாங்கியது. விசைக்குக் கீழே வளையமாய் ஒரு லீவர். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். ஜெய்சங்கரை வைத்துக் கர்ணன் எடுத்த கௌபாய் படங்களை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துப்பாக்கியின் வால்நட் கட்டை, அதாவது தோளில் பதிக்கும் மரப்பகுதி, விரிசல் விட்டுவிட்டது.

இரும்பு உடம்பின் பின்பக்கம் நாக்குப் போல நீளும் பகுதிக்கு டாங் என்று பெயர். அது கட்டைக்குள் நுழைந்து ஒரே ஒரு திருகாணியில் நிற்கிறது. துப்பாக்கியைப் பல வருஷம் நிமிர்த்தியே வைத்திருந்ததால் மேலே போட்ட எண்ணெயெல்லாம் இறங்கி அந்த இடத்து மரத்தை ஊறவைத்துவிட்டது. சுடும்போது டாங் பின்னால் உதைக்க, ஊறின மரம் பிளந்துகொண்டது.

மாற்றுக் கட்டைக்கு அவர் தேர்ந்தெடுத்ததைச் சொன்னால் நீங்கள் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுவீர்கள். பிளைவுட், மாமா! "அது மரமில்லடா, கோந்தில் ஒட்டின காகிதம்" என்று நீங்கள் திட்டுவீர்களே, அதன் ஒன்றுவிட்ட தம்பி. பர்ச் மரத்தை ஒன்றரை மில்லிமீட்டர் ஏடுகளாகச் சீவி, சாயத்தில் ஊறவைத்து, பசை தடவிச் சூட்டில் அழுத்துகிறார்கள். நம் பிளைவுட்டில் ஏட்டுக்கு ஏடு நார் குறுக்கே ஓடும். இதில் பெரும்பாலும் எல்லாம் நீளவாக்கு. மழையிலும் பனியிலும் கிடந்தாலும் முறுக்காது. சாயம் ஏட்டின் உள்வரை இறங்கியிருப்பதால் உப்புத்தாள் போட்டாலும் நிறம் போகாது. வால்நட்டைவிடக் கனம்தான். ஆனால் கனத்தால் தோளில் உதை குறையும் என்று பெரியவர் அதையும் லாபக் கணக்கில் எழுதிவிட்டார். இந்த மரத்தைப் பார்த்தபிறகு நம் செட்டிநாட்டுத் தேக்குப் பெருமையைக் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாமோ என்று எனக்கே தோன்றுகிறது. கோபிக்காதீர்கள்.

கட்டைக்கு லைசென்ஸ் கிடையாது. எண் பொறித்த இரும்பு உடம்பைத்தான் சட்டம் துப்பாக்கி என்கிறது. நம்மூரில் துப்பாக்கி லைசென்ஸுக்காகக் காத்துக்கிடக்கும் கலெக்டர் ஆபீஸ் வராந்தா நினைவுக்கு வந்தது. இங்கே கட்டை பூனைத் தீவனத்தோடு தபாலில் வாசலுக்கு வருகிறது.

ஆனால் சரியான கட்டை கிடைப்பது, சம்பந்தம் பேசுவதைவிடச் சிரமம். லீவர் வளைந்ததென்றால் கைப்பிடியும் வளைந்திருக்க வேண்டும், நேர்க்கட்டை சேராது. முன்கட்டையைக் குழலோடு பிடிப்பது வளையமா, நுனி மூடியா என்று பார்க்க வேண்டும். மார்லினை 2007-ல் ரெமிங்டன் வாங்கி, அது திவாலாகி, 2020-ல் ரூகர் கைக்குப் போனது. அதனால் இன்றைய கட்டை பழைய துப்பாக்கியில் அப்படியே உட்காரும் என்று நம்பிவிட முடியாது. போதாததற்கு, பல கட்டைக்காரர்களுக்கு அடுக்குப் பலகை கொடுத்துவந்த வெர்மான்ட்டின் ரட்லாந்து ஆலை 2014 ஆகஸ்டில் எரிந்துபோனதைப் பெரியவர் இன்னும் துக்கமாகச் சொல்கிறார்.

கடைசியில் தெற்கு டகோட்டாவின் மிட்செல் ஊரில் இருக்கும் பாய்ட்ஸ் கம்பெனியில் வாங்கினார். சுவரெல்லாம் மக்காச்சோளக் கதிரால் சித்திரம் ஒட்டின மாளிகை இருக்கும் ஊர் அது. அங்கே கட்டையின் நிறங்களுக்கு மிளகு, ஜாதிக்காய் என்றெல்லாம் பெயர். பெரியவர் மிளகு எடுத்தார், கறுப்பும் சாம்பலுமாய் வரிவரியாக.

பொருத்துகிற வேலைதான் நீங்கள் பார்த்திருக்க வேண்டியது. டாங் முழுக்க அவர் மனைவியின் பழைய லிப்ஸ்டிக்கைப் பூசினார். கட்டைக்குள் நுழைத்து எடுத்தார். எங்கே சிவப்பு ஒட்டியிருக்கிறதோ அந்த இடத்தை மட்டும் உளியால் சுரண்டினார். மறுபடி பூச்சு, மறுபடி சுரண்டல். டாங்கின் பின்முனையில் மட்டும் மயிரிழை இடைவெளி விட்டார். அங்கே முட்டினால் புதுக்கட்டையும் பிளக்குமாம். அத்தனை நேரமும் அந்த அம்மாள் வாசல்படியில் நின்று, "எனக்கு ஒருநாளாவது இவ்வளவு கவனமாகப் பூசிவிட்டதுண்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பெரியவருக்குக் காது மந்தம், அல்லது அப்படி வசதி.

மான் கிடைத்தால் ஒரு தொடை எனக்கு என்று சொல்லியிருக்கிறார். அத்தையிடம் சுக்காவுக்குப் பக்குவம் கேட்டு எழுதுங்கள். கறி எதனுடையது என்று சொல்ல வேண்டாம். அவர் பயந்துபோய் வனத்துறைக்குப் போன் போட்டாலும் போடுவார்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்