பேக்கப் எடுத்தாச்சா? ரெஸ்டோர் செய்து பார்த்தாச்சா?

(இந்த இதழில் கம்ப்யூட்டர் பேக்கப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் பதில்கள்.)

குடும்பத் தலைவி, பாலவாக்கம்: பேரனின் போட்டோக்கள் என் போனிலும் இருக்கின்றன, கிளவுடிலும் இருக்கின்றன. அதுவே பேக்கப்தானே?

வேண்டாத படம் ஒன்றைப் போனில் அழித்துவிட்டு, கிளவுடில் போய்ப் பாருங்கள். அங்கேயும் மறைந்துவிட்டால் உங்களிடம் இருப்பது சிங்க். நீங்கள் செய்வதையெல்லாம் அது அப்படியே செய்யும். கை தவறிச் செய்ததையும் சேர்த்து. குப்பைத் தொட்டியில் சில நாட்கள் கிடக்கும், அப்புறம் அதுவும் போய்விடும். பேக்கப்புக்கு நேற்றைய நிலையும் தெரியும், போன மாத நிலையும் தெரியும். நீங்கள் அழித்தது அதைத் தொடாது. பேரனின் முதல் பிறந்தநாள் படங்களைத் தனியாக ஒரு டிஸ்க்கில் போட்டுவிட்டு, மற்ற வேலையைப் பாருங்கள்.

பொறியியல் மாணவர், திருவான்மியூர்: பேக்கப் சாஃப்ட்வேர் என்றாலே வெளிநாட்டுப் பெயர்களாக வருகின்றன. நம் சென்னையில் யாரும் செய்யவில்லையா?

செய்திருக்கிறார்கள், நன்றாகவே. வேம்பு டெக்னாலஜீஸ் சென்னைக் கம்பெனி. 2000-களின் தொடக்கத்தில் இதை ஆரம்பித்தவர் சேகர் வேம்பு, ஜோஹோ ஸ்ரீதர் வேம்புவின் சகோதரர். முதல் சரக்கின் பெயர் ஸ்டோர்கிரிட். ஒரு ஆபீஸில் பத்து கம்ப்யூட்டர்கள் இருந்தால், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் இடம் சும்மா கிடக்கும். அந்த இடத்திலேயே ஒன்றின் ஃபைல்களை இன்னொன்று பத்திரப்படுத்தட்டும் என்பதுதான் அதன் ஆரம்ப யோசனை. சர்வர் வாங்கக் காசில்லாத சின்ன ஆபீஸுக்கு ஏற்ற யோசனை.

பிறகு, ஊர் ஊராகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் கம்பெனிகள் தங்கள் சொந்தப் பெயரில் பேக்கப் சேவை நடத்துவதற்கான பதிப்பு வந்தது. வெளிநாட்டில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில், உள்ளூர் சர்வீஸ்காரரின் பெயரோடு, நம்மூர் சாஃப்ட்வேர் ஓசைப்படாமல் ஓடும் ஏற்பாடு அது. அதற்குள் ஒரே சர்வருக்குள் பல விர்ச்சுவல் மெஷின்கள் ஓடும் காலம் வந்துவிட்டது. அப்போது வந்ததுதான் வேம்பு பி.டி.ஆர். சூட். வி.எம்.வேர், ஹைப்பர்-வி மெஷின்களை முழுசாக பேக்கப் எடுக்கும். மெஷின் செத்தால் பேக்கப்பிலிருந்தே நேராக ஓட வைக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்த வசதி வேறு. எடுத்த பேக்கப்பைத் தானே பூட் செய்து பார்த்து, லாகின் திரை வந்ததா என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காட்டும். "எடுத்துவிட்டேன்" என்று சொல்வதோடு நிற்காமல், "எழுந்து நிற்கிறது, பாருங்கள்" என்று நிரூபிக்கும். இந்தத் தொழிலின் நேர்மை அதில்தான் இருக்கிறது.

ஆடிட்டர் ஆபீஸ் ஊழியர், மந்தைவெளி: சர்வரில் 500 ஜி.பி. இருக்கிறது. முதல் நாள் பேக்கப் விடிய விடிய ஓடியது. மறுநாள் சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. ஏமாற்றுகிறதா?

இல்லவே இல்லை. டிஸ்க்கைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து வைத்துக்கொண்டு, நேற்றுக்குப் பிறகு எந்தக் கட்டம் மாறியது என்று மட்டும் பார்க்கிறது. நீங்கள் நேற்று டேலியில் நாற்பது வவுச்சர் போட்டீர்கள், இரண்டு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் சேமித்தீர்கள். மாறியது அவ்வளவுதான், அது மட்டும் போகிறது. இதற்கு இன்கிரிமென்டல் என்று பெயர். விர்ச்சுவல் மெஷினில் மாறிய கட்டங்களின் பட்டியலை வி.எம்.வேரே குறித்துக் கொடுத்துவிடும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். திங்கள்கிழமை முழு பேக்கப், செவ்வாய் முதல் சனி வரை துண்டுகள் என்றால், சனிக்கிழமை நிலை வேண்டும்போது அத்தனை துண்டும் நல்லபடி இருக்க வேண்டும். நடுவில் புதன்கிழமைத் துண்டு கெட்டால், அதற்குப் பிந்தையதும் போச்சு. அதனால்தான் நல்ல சாஃப்ட்வேர்கள் துண்டுகளை அவ்வப்போது சேர்த்துப் புதிய முழு பேக்கப் ஆக்கிக்கொள்கின்றன. உங்களுடையதில் அந்த வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, மயிலாப்பூர்: எங்கள் காலத்தில் டேப்பில் எடுத்தோம். அந்தக் காலத்து சாஃப்ட்வேர் ஏதாவது இன்னும் உயிரோடு இருக்கிறதா?

இருக்கிறது சார். நெட்பேக்கப். 1987-ல் கிரைஸ்லர் கார் கம்பெனிக்காக கன்ட்ரோல் டேட்டா நிறுவனம் எழுதிய புரோகிராம்தான் அதன் மூலம். 1993-ல் ஓபன்விஷன் கைக்குப் போனது. 1997-ல் வெரிட்டாஸ், 2005-ல் சைமான்டெக், 2016-ல் மறுபடி தனி வெரிட்டாஸ், 2024-ல் கொஹீசிட்டி. இத்தனை கை மாறியும் வேலை நிற்கவில்லை. முதலாளி மாறினாலும் பழைய டேப்பைப் படிக்கத் தெரிய வேண்டும். பேக்கப் சாஃப்ட்வேர் வாங்கும் எவரும் கேட்க வேண்டிய கேள்வி அது: "ஐந்து வருஷம் கழித்து உங்கள் கம்பெனியை யாராவது வாங்கினால், இன்றைக்கு எடுத்ததைத் திறக்க முடியுமா?"

ஹார்ட்வேர் டெக்னீஷியன், ரிட்சி தெரு: கோஸ்ட் போட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை?

ஒரு வார்த்தை போதாது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பைனரி ரிசர்ச் என்ற சின்ன நிறுவனத்தில் முர்ரே ஹஸார்ட் எழுதியது. 1998-ல் சைமான்டெக் வாங்கி நார்ட்டன் கோஸ்ட் ஆக்கியது. விண்டோஸ், டிரைவர், சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் ஒரே இமேஜ் ஃபைலாகப் பிடித்து வைத்து, அடுத்த மெஷினில் அப்படியே இறக்கிவிடும். நாள் முழுக்கச் செய்ய வேண்டிய இன்ஸ்டாலேஷனை டீ குடித்துவிட்டு வரும் நேரத்தில் முடித்தீர்களே, அதற்கு நன்றி அவருக்கு.

ஐ.டி. ஊழியர், பெருங்குடி: கம்பெனியில் ஆயிரம் லேப்டாப். எல்லாவற்றையும் கிளவுடுக்கு ஏற்றினால் பில் எகிறாதா?

அந்தக் கணக்கை நம் நாட்டிலேயே போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. ஜஸ்ப்ரீத் சிங், மிலிந்த் போராட்டே, ரமணி கோதண்டராமன் மூவரும் 2008-ல் புனேயில் துருவா கம்பெனியைத் தொடங்கினார்கள். ஒரே பவர்பாயின்ட் ஆயிரம் லேப்டாப்பில் இருந்தால், அதை ஒரு தடவை மட்டும் ஏற்றினால் போதும் என்பது அவர்கள் பிடித்துக்கொண்ட நூல். அதுவும் லேப்டாப்பை விட்டுக் கிளம்பும் முன்பே, "இந்தத் துண்டு ஏற்கெனவே மேலே இருக்கிறது" என்று கண்டுபிடித்து நிறுத்திவிடும். நெட் செலவும் மிச்சம், இடமும் மிச்சம். 2019-ல் அந்தக் கம்பெனியின் மதிப்பு நூறு கோடி டாலரைத் தாண்டியது.

டாக்டர், அடையாறு: கிளினிக் கம்ப்யூட்டரில் எப்போதும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் சொருகியே இருக்கிறது. தினமும் பேக்கப் ஆகிறது. நிம்மதியாக இருக்கலாமா?

சொருகியே இருப்பதுதான் ஆபத்து, டாக்டர். 2017 மே மாதம் வான்னாகிரை ரான்சம்வேர் உலகெங்கும் பரவி, பிரிட்டனில் ஆஸ்பத்திரிகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்பும் நிலை வந்தது. அந்த மாதிரி வைரஸ், கம்ப்யூட்டரின் கைக்கு எட்டும் டிஸ்க்கையெல்லாம் பூட்டிவிடும். சொருகிய பேக்கப் டிஸ்க்கும் அதில் சேர்த்தி. இரண்டு டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றிச் சொருகுங்கள். சொருகாத டிஸ்க் அலமாரியில் இருக்கட்டும். கிளவுடில் எடுத்தால், குறித்த நாள்வரை யாராலும் அழிக்க முடியாதபடி பூட்டும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

தமிழாசிரியை, மந்தைவெளி: கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இதற்கெல்லாம் என்ன செய்தார்கள்?

படி எடுத்தார்கள். எடுக்காமல் விட்டது அழிந்தது. 1981-ல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றில் வேறெங்கும் படி இல்லாத ஓலைச்சுவடிகளும் இருந்தன. அந்த இழப்பை எந்த சாஃப்ட்வேராலும் மீட்க முடியாது. இங்கே தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994-ல் தொடங்கியது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களை மைக்ரோஃபிலிமில் பிடித்தார்கள். மாணவிகளை ஒருமுறை அங்கே அழைத்துப் போங்கள். ஒரே ஒரு படி இருப்பது எவ்வளவு ஆபத்து என்பது பாடம் நடத்தாமலே புரிந்துவிடும்.

ஈ.சி.ஆர். கடைக்காரர், பாலவாக்கம்: எத்தனை காப்பி வைத்தால் போதும்?

மூன்று, இரண்டு, ஒன்று. மொத்தம் மூன்று காப்பி. இரண்டு வேறு வகைச் சாதனங்களில். அதில் ஒன்று வெளியூரில். பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் போட்டோகிராஃபர் பரப்பிய கணக்கு இது.

நம் பாலவாக்கத்துக்கு அந்தக் கடைசி "ஒன்று" ரொம்ப முக்கியம். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய். 2004 சுனாமியைப் பார்த்த கரை இது. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த நகரம் இது. மூன்று காப்பியும் ஒரே வீட்டின் தரைத்தளத்தில் இருந்தால், தண்ணீருக்கு அது ஒரு காப்பிதான். உப்புக்காற்று வேறு. கடற்கரைத் தெருவில் வருஷக்கணக்கில் திறந்து கிடந்த டிஸ்க்கின் யூ.எஸ்.பி. முனையைப் பாருங்கள், பச்சை பூத்திருக்கும். சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். இன்னொரு டிஸ்க் கோவையிலோ மதுரையிலோ மச்சினர் வீட்டில் இருக்கட்டும், முடியாவிட்டால் கிளவுட்.

போட்டோ ஸ்டுடியோ உரிமையாளர், தி.நகர்: கடைசியாகக் கேட்கிறேன். எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?

நீங்களே ரெஸ்டோர் செய்யத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு எளிதானது எதுவோ, அது.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற சாஃப்ட்வேர் நிறுவனத்தில் ஒரு இன்ஜினியர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். அவர்களிடம் ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடுகள் இருந்தன. ஒன்றுகூடச் சரியாக வேலை செய்யவில்லை. அதில் ஒரு பேக்கப் வெர்ஷன் கோளாறால் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. "தோற்றுவிட்டேன்" என்று அது அனுப்பிய மெயில்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு காரியத்துக்காக எடுத்திருந்த ஒரு காப்பிதான் அவர்களைக் காப்பாற்றியது. நடந்ததை ஒளிக்காமல் உலகத்துக்குச் சொன்னார்கள். அந்த நேர்மையால் நமக்குப் பாடம் கிடைத்தது.

பச்சை டிக் வந்ததென்று நம்பாதீர்கள். மாதம் ஒருநாள், சம்பளம் போடும் நாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு கல்யாண ஆல்பத்தை வேறு ஃபோல்டரில் ரெஸ்டோர் செய்து, திறந்து, கடைசிப் படம்வரை தெரிகிறதா என்று பாருங்கள். சந்தா கட்டியவர்களும் இலவசப் பதிப்பு வைத்திருப்பவர்களும் ஒன்றுபோலச் செய்ய வேண்டிய வேலை இது. இதழைக் கீழே வைத்ததும் ஒரே ஒரு ஃபைலை ரெஸ்டோர் செய்து பாருங்கள். அது திறக்காவிட்டால் உங்களிடம் பேக்கப் இல்லை.