மூணால வகுத்த சோறு

(சனிக்கிழமை காலை. சிங்கப்பூரிலிருந்து ஜொகூர் பாரு போகிற பாலம். கார் நகரவில்லை. பின்சீட்டில் மனைவி, மாமியார், பையன் மூவரும் தூக்கம்.)

மாமா: இந்தப் பாலம் எவ்வளவு நீளம் மாப்ளே?

மாப்பிள்ளை: ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான் மாமா. 1924-ல திறந்தது.

மாமா: அப்பவே கிளம்பியிருந்தா இந்நேரம் சாப்பிட்டிருக்கலாம்.

மாப்பிள்ளை: போய்ச் சேர்ந்தா எல்லாம் மறந்துரும். நம்ம ஒரு வெள்ளிக்கு அங்க மூணு ரிங்கிட் பக்கம். எந்த விலையைப் பார்த்தாலும் மூணால வகுத்துக்குங்க.

மாமா: நாம நிக்கிற ரெண்டரை மணி நேரத்தையுமா?

மாப்பிள்ளை: அது வகுபடாது மாமா.

மாமா: வீட்டுல உங்க அத்தை வத்தக்குழம்பு வைக்கிறேன்னா. சிங்கப்பூர்லயே தேக்காவுக்குப் போனா இலை போட்டே சோறு கிடைக்கும்.

மாப்பிள்ளை: சோறு மட்டுமா? பெட்ரோல்! ஆனா இங்கேர்ந்து கிளம்பும்போதே முக்கால் டேங்க் இருக்கணும். இல்லன்னா 500 வெள்ளி வரைக்கும் தீட்டிருவாங்க. 1989-ல அரை டேங்க்னு ஆரம்பிச்சு, 1991-ல முக்கால் ஆக்குனாங்க.

மாமா: அப்ப மிச்சம் கால் டேங்குக்கா இந்த ஊர்வலம்?

மாப்பிள்ளை: காரைக் குலுக்குனா இன்னும் கொஞ்சம் இறங்கும்.

மாமா: என்னத்தைக் குலுக்குனா?

மாப்பிள்ளை: காரைத்தான். ஊத்தும்போது ரெண்டு பேர் பிடிச்சு ஆட்டணும். உள்ள இருக்கிற காத்து வெளிய வந்து இடம் விடும்னு சொல்றாங்க.

மாமா: எங்க ஊர்ல கூலி நெல் வாங்குறவங்க மரக்காலைக் குலுக்கி அளக்கச் சொல்வாங்க. அது வயித்துக்கு. நீங்க கார் வாங்குற உரிமைச் சீட்டுக்கே ஒரு லட்சம் வெள்ளி பக்கம் கட்டினவர் ஆச்சே?

மாப்பிள்ளை: அதுவும் பத்து வருஷத்துக்குத்தான் செல்லும் மாமா.

மாமா: அதை மட்டும் ஏன் வகுக்கலை?

(சாப்பாட்டுக்கடை. மணி இரண்டு. இலையில் சோறு, மொறுமொறுவென்று பாகற்காய், அப்பளம். பேரன் டேப்லெட்டில் எதையோ சுட்டுக்கொண்டிருக்கிறான்.)

மாப்பிள்ளை: யாரும் கை வைக்காதீங்க, படம் எடுத்துக்கிறேன். மாமா, உங்க கை மறைக்குது.

மாமா: அப்பளம் நமுத்துப் போகுது மாப்ளே.

மாப்பிள்ளை: ஒரு நிமிஷம்... (பரிமாறும் பையனிடம்) தம்பி, ரொம்ப சீப்பா இருக்கே! எங்க பக்கம் இதே சாப்பாடு மூணு மடங்கு, தெரியுமா?

மாமா: போதும், கீழ வைங்க போனை! அந்தப் பையன் மூஞ்சியைப் பார்த்தீங்களா? நீங்க அப்பளத்துக்கு வெளிச்சம் தேடிக்கிட்டிருந்தப்ப அவன்கிட்ட பேசுனேன். அவன் அண்ணன் தினமும் விடிகாலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிள்ல இதே பாலத்தைத் தாண்டி உங்க ஊருக்கு வேலைக்கு வர்றானாம். ராத்திரி திரும்பும்போது பிள்ளைங்க தூங்கியிருக்குமாம். அவனுக்கும் உங்க மூணுதான் கணக்கு. அவன் பெருக்குறான், நீங்க வகுக்குறீங்க. இங்க கூலி குறைச்சலா இருக்கிறதுதான் உங்களுக்கு விருந்து. அதை அவன் தம்பி மூஞ்சிக்கு நேராவே சொல்லணுமா?

மாப்பிள்ளை: ...தப்பா ஒண்ணும் சொல்லலையே மாமா.

மாமா: ரசம் ஊத்தச் சொல்லுங்க. ஆறிப் போகுது.

(பெட்ரோல் நிலையம்.)

மாமா: அந்த மஞ்சள் குழாய்ல விலை குறைச்சலா போட்டிருக்கே?

மாப்பிள்ளை: அது 95 ரகப் பெட்ரோல். மானியம். வெளிநாட்டு வண்டிக்கு 2010-லேர்ந்தே கிடையாது. நம்பர் பிளேட்ல டேப் ஒட்டி மறைச்சுக்கிட்டு ஊத்துற ஆளுங்களும் இருக்காங்க. நான் அப்படியில்ல மாமா, சட்டம் சட்டம்தான். பச்சைக் குழாய் 97 மட்டும்தான்.

மாமா: உத்தமர்.

மாப்பிள்ளை: எல்லாரும் இறங்குங்க. பையா, நீ முன்னாடி வா. மாமா, நீங்க டிக்கியைப் பிடிச்சுக்குங்க. நான் சொல்லும்போது மேலயும் கீழயும்...

அத்தை: அவருக்கு 72 வயசு!

மாமா: நீ சும்மா இரு. மூணால வகுத்தா 24. ம், சொல்லுங்க மாப்ளே, ஆட்டிருவோம்.