குறுந்தட்டின் முதுகும் வயிறும்: ஓர் ஆய்வு

ரைட் பண்ணிய சிடியை மேசைமேல் எப்படி வைப்பது என்பதில் வீட்டுக்கு வீடு வியக்கத்தக்க ஒற்றுமை நிலவுகிறது: பளபளக்கும் பக்கம் மேலே, எழுத்துள்ள பக்கம் கீழே. படமெல்லாம் பளபளப்பில்தான் இருக்கிறது என்ற நம்பிக்கையே இதற்கு ஆதாரம். அந்த நம்பிக்கை பிழை என்பதும், சிடிகளின் அகால மரணத்துக்கான குற்றப்பத்திரிகையில் பால்பாயிண்ட் பேனாவின் பெயரே முதலில் வர வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு. சான்று தட்டின் குறுக்குவெட்டிலேயே கிடைக்கிறது. 1.2 மில்லிமீட்டர் தடிமனில் ஏறக்குறைய முழுவதும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன்மேல் சாயப் பூச்சு, அதன்மேல் மெல்லிய வெள்ளிப் படலம், எல்லாவற்றுக்கும் மேல் ஒரு வார்னிஷ். லேசர் கீழிருந்து பிளாஸ்டிக்கைக் கடந்துபோய்ச் சாயத்தைச் சுடுகிறது. 700 எம்பியும் அங்கேதான் பதிகிறது. ஆக, மாலை மாற்றும் காட்சிக்கும் அதன் முதுகில் ‘கல்யாணம், பாகம் 2’ என்று அழுத்தி எழுதும் பேனா முனைக்கும் நடுவே தலைமுடியைவிட மெல்லிய பூச்சுதான் காவல். குறுக்குவெட்டை நம்பாதவர்கள், புறாவை விரட்டப் பால்கனியில் கட்டித் தொங்கவிட்ட பழைய சிடியைப் பார்க்கலாம். வெயிலிலும் மழையிலும் வெள்ளி செதில் செதிலாக உதிர்வது எழுத்துள்ள பக்கத்திலிருந்துதான்; உதிர்ந்தபின் எஞ்சுவது மறுபக்கம் தெரியும் வெறும் பிளாஸ்டிக்.

அஃதேல், கீழ்ப்பக்கம் கீறினாலும் படம் திக்கி நிற்கிறதே எனின், நிற்கும். ஆனால் அது தீரக்கூடிய நோய். லேசர் குவிவது உள்ளே சாயத்தில். பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில் உள்ள சிறு கீறல் அதற்கு மங்கலாகவே படும். மிச்சத்தை ரீட், சாலமன் என்ற இருவர் 1960இல் வகுத்த பிழை திருத்தக் கணக்கு சரிக்கட்டிவிடும். அந்தக் கணக்கையும் தோற்கடிக்கும் கருவி ஒன்று உண்டு: முந்தானை. வட்ட வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடு தடமாக ஓடி, அடுத்தடுத்த தகவலைத் தொடர்ந்து மறைக்கிறது. நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்தால் தடத்தைக் குறுக்கே வெட்டுவதோடு சரி. அதையும் மீறி விழுந்த கீறலைப் பற்பசை தேய்த்து ஆற்றியவர்கள் உண்டு. உரிந்த சாயத்துக்கு எந்தப் பசையும் உதவாது. டிவிடியில் 0.6 மில்லிமீட்டர் தட்டுகள் இரண்டை ஒட்டிப் பதிவை நடுவில் வைத்திருக்கிறார்களே என்பது அடுத்த தடை. உண்மை. எனவே டிவிடி இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று இங்கேயே அறிவிக்கப்படுகிறது. ஒவ்வாத சான்றைக் கையாளும் ஆய்வு மரபு இதுவே. இனி, பெயரே எழுதாமல் இருபது சிடிக்குள் கல்யாணத்தைத் தேடுவது எப்படி என்ற கேள்வி நியாயமானது. நடுத்துளையைச் சுற்றி ஒளி ஊடுருவும் வளையம் ஒன்று இருக்கிறது. அதில் தகவல் கிடையாது. மென்முனை மார்க்கரால் அங்கே எழுதலாம். மணமக்கள் பெயருக்கு இடம் போதும்; மாப்பிள்ளையின் பட்டங்களுக்குப் போதாது.