வெள்ளைப் பொடியின் வேலை

கேள்வி: அலுமினியம் ஃப்ளோரைடு என்கிறார்களே, அதற்கும் எங்கள் செஞ்சிப் பக்கத்துக்கும் ஏதாவது உறவு உண்டா?
– ஒரு வாசகர், தளவானூர்

பதில்: உறவு உங்கள் அடுப்படியிலேயே அலுமினியக் குண்டானாக உட்கார்ந்திருக்கிறது! மகேந்திரவர்ம பல்லவன் உங்கள் ஊர்ப் பாறையைக் குடைந்த காலத்தில் அலுமினியத்தை யாரும் கண்டதில்லை. அதை மலிவாகப் பிரிக்கும் வழி 1886இல்தான் பிறந்தது. அலுமினியத்தின் ஆக்சைடான அலுமினாவை நேரடியாக உருக்க 2,000 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். உருகிய கிரையோலைட் என்னும் கனிமத்தில் அதைக் கரைத்து, அலுமினியம் ஃப்ளோரைடு என்ற இந்த வெள்ளைப் பொடியையும் சேர்த்தால் சுமார் 960 டிகிரியிலேயே மின்சாரம் பாய்ச்சி உலோகத்தை எடுத்துவிடலாம். எவ்வளவு மின்சாரம் மிச்சம்!

பொடி பிறப்பதும் பக்கத்து மாவட்டத்தில்தான். கடலூர் சிப்காட்டில் உள்ள டான்ஃபாக் ஆலை இதைத் தயாரிக்கிறது. ஃப்ளோர்ஸ்பார் கல்லோடு கந்தக அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு வாயு வரும். அந்த வாயுவைச் சூடான அலுமினா மேல் செலுத்தினால் பொடி தயார்.

குணத்தில் அழுத்தக்காரன். அண்ணன் அலுமினியம் குளோரைடு 180 டிகிரியிலேயே ஆவியாகிவிடுவான்; தம்பி ஏறக்குறைய 1,290 டிகிரி வரை அசையமாட்டான். தண்ணீரிலும் லேசில் கரையமாட்டான்.

பொடி செய்ய உதவும் அந்த ஹைட்ரஜன் ஃப்ளோரைடு வாயுதான் பொல்லாதது, எலும்புவரை அரித்துவிடும். அதோடு வேலை செய்யும் தொழிலாளியின் கைக்கெட்டும் தூரத்தில் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு எப்போதும் இருக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளை அந்த ஆலைக்கு வேலைக்குப் போனால், முதலில் அதைக் கேட்கச் சொல்லுங்கள்.