கைதட்டும் ஆசாமி

புது வீட்டுக்குள் நுழைந்ததும் சிலர் வாஸ்து பார்ப்பார்கள். இவர் கைதட்டிப் பார்ப்பார். ஒரே ஒரு தட்டு. 'டங்' என்று சுவர் பதில் சொன்னால் முகம் சுருங்கிவிடும். துக்கம் விசாரிக்கப் போகும் இடத்திலும் அந்தக் கை சும்மா இருக்காது என்பதால், வீட்டம்மா வாசலிலேயே மாலையை அதில் திணித்துவிடுவார்.

சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கம் தேடினால் அகப்படுகிற ஹோம் ஸ்டுடியோக்காரர் இவர். ஒரு மைக், இரண்டு ஸ்பீக்கர், ஒரு படுக்கையறை. நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி. ஒலிக்கு இதைவிடக் கேடான அளவு கிடையாது. மூன்று திசையிலும் அதே 56 ஹெர்ட்ஸ் சேர்ந்துகொண்டு குமுறும். வாடகை அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் இதைப் படித்தார்.

தொடக்கம், வழக்கம்போல, அண்ணாச்சி கடை முட்டை அட்டை. அது கீச்சுக் குரலைக் கொஞ்சம் மழுக்கும். பாஸை ஒன்றும் செய்யாது. இது புரிந்த நாள்முதல் மற்ற முட்டை அட்டைக்காரர்களை ஞானிக்குரிய இரக்கத்தோடு பார்க்கிறார்.

அடுத்து ராக்வூல் என்ற பாறைப்பஞ்சு. 50 மில்லிமீட்டர் கனம், கனமீட்டருக்கு 48 கிலோ. கடைக்காரர் "எத்தனை ஷீட்டு சார்?" என்றால் இவர் "டென்சிட்டி என்ன?" என்பார். ரீப்பர் கட்டையில் சட்டம் அடித்து, உள்ளே ராக்வூலை வைத்து, மேலே துணி போர்த்தினால் பேனல். துணிக்கடையில் சாயம் போகுமா, சுருங்குமா என்றெல்லாம் இவர் கேட்பதில்லை. காடாத்துணியை வாயில் வைத்து ஊதுவார். மூச்சு அந்தப் பக்கம் போனால்தான் ஒலியும் போகுமாம். நாலாவது தானை எடுத்து ஊதும்போது விற்பனைப் பெண் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுவிட்டார்.

மொட்டைமாடியில் பனியனோடு ராக்வூல் அறுத்ததில் அன்றிரவெல்லாம் சொறி. முழுக்கைச் சட்டையும் மாஸ்க்கும் போடச் சொல்லி வீட்டில் எச்சரித்திருந்தார்கள். அதை இங்கே விரிக்க வேண்டாம்.

ஒருநாள் சோபா மெத்தைகளைக் காணோம். கேட்டால் சரித்திரம் வந்தது: "1895ல ஹார்வர்டுல சபைன்னு ஒரு புரொபசர், பக்கத்துத் தியேட்டர் மெத்தையெல்லாம் ராத்திரியோட ராத்திரியா லெக்சர் ஹாலுக்குத் தூக்கிட்டு வந்துதான் எதிரொலியை அளந்தாரு."

"விடியறதுக்குள்ள திருப்பி வச்சிட்டாரா?"

"வச்சாரு."

"அப்ப நீங்களும் வைங்க."

பேனல் எங்கே மாட்டுவது என்பதற்குக் கண்ணாடி வித்தை. இவர் நாற்காலியில் அமர, மச்சினன் முகக்கண்ணாடியைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிற இடத்தில் பென்சில் குறி. மச்சினன் நடுவில் தலைசீவிக்கொள்ளவும் அனுமதி உண்டு. பேனலுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டங்குலம் காற்று விட்டால் இன்னும் கீழ்ச்சுருதிவரை உறிஞ்சும் என்று அவனுக்கு விளக்கமும் நடக்கும்.

சுவரில் எல்லாம் மாட்டியாயிற்று. சமையலறையில் குக்கர் கூவியது. அறைக்குள் தெளிவாகவே கேட்டது.

"ஏங்க, இவ்வளவு செலவு பண்ணியும் விசில் வருதே?"

"இது வெளிச்சத்தத்தைத் தடுக்கறதுக்கு இல்லம்மா. உள்ள பாடற சத்தம் சுவத்துல பட்டுத் திரும்பாம இருக்கத்தான்."

"உள்ள யாரு பாடறாங்க?"

"மொதல்ல சீலிங் முடியட்டும்."